எடிசன் கைவிடாத மின்சாரம்

தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் பலருக்கு எடிசன் என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரு மின்விளக்குதான். நரைத்த தலையுடன் ஒருவர். அவர் கையில் ஒரு கண்ணாடிக் குமிழ். பல்லாயிரம் முறை தோற்றார், பிறகு வென்றார் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். நாமும் பேச்சுப் போட்டி மேடைகளில் அதையே முழங்கினோம். நானும் முழங்கி ஒரு கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால், அந்த மனிதரை நான் உண்மையில் அறிந்துகொண்டது மேடையில் அல்ல. பொறியியல் பயிற்சிக் காலத்தில், ஒரு தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையில். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறும், அந்தத் தவற்றை மறைக்க நான் ஆட்டிய ஒரு தலையும்.

இவ்விதழைப் படிப்போரில் கலைத்துறை நண்பர்களும் இருப்பார்கள் என்பதால், முதலில் ஒரு சிறு விளக்கம். மின்சாரம் இரண்டு வகையாக ஓடும். ஆற்று நீரைப் போல ஒரே திசையில் ஓடினால் அது நேர்மின்னோட்டம். ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் ஆடினால் அது மாறுமின்னோட்டம். நம் வீட்டுச் சுவரில் உள்ள இணைப்பில் வருவது இரண்டாவது வகை. வினாடிக்கு ஐம்பது முறை அது திசை மாறி மாறி ஆடுகிறது. கைத்தொலைபேசியின் பேட்டரியில் இருப்பது முதல் வகை.

தொலைபேசி நிலையங்களிலும் இணைய நிலையங்களிலும் உள்ள ரூட்டர் போன்ற கருவிகள் பெரும்பாலும் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில்தான் இயங்குகின்றன. ஏன் என்று கேட்டால், விடை மிக எளிது. இரண்டு வோல்ட் ஈய மின்கலன்கள் 24 எண்ணத்தை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை ரெக்டிஃபையர் என்னும் கருவி நேர்மின்னோட்டமாக்கி, சுமார் 54 வோல்ட்டில் அந்த மின்கலன்களுக்கும் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்தடை ஏற்பட்டால் எந்தச் சுவிட்சையும் மாற்ற வேண்டியதில்லை. மின்கலன்கள் ஏற்கெனவே இணைப்பில்தான் இருக்கின்றன. கண் இமைக்கும் நேரம்கூடக் கருவிகள் நிற்பதில்லை. தெருவே இருண்டுபோன இரவிலும் பழைய வீட்டுத் தொலைபேசி வேலை செய்ததே, அதன் இரகசியம் இதுதான்.

அந்த நிலையத்தில் புதிய ரூட்டர் ஒன்றுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. பேட்டரி அறையிலிருந்து கருவி இருந்த இடத்திற்கு 30 மீட்டர். கருவிக்கு வேண்டியது சுமார் 1,000 வாட். இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆம்பியர் என்று கணக்கிட்டேன். அட்டவணையைப் பார்த்தேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி அந்த ஓட்டத்தைத் தாங்கும் என்று இருந்தது. அதையே இழுத்தேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மூத்த தொழில்நுட்பர் ஒருவர் அங்கே இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் அழைப்போம். தூரத்திற்கும் கணக்குப் போட்டாயா தம்பி என்று அவர் கேட்டார். எனக்கு அவர் கேட்டதே சரியாக விளங்கவில்லை. ஆனாலும், பல்கலைக்கழக மாணவன் என்ற மிதப்பில், போட்டுவிட்டேன் அண்ணே என்று தலையை ஆட்டினேன்.

ரூட்டர் அழகாக இயங்கியது. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, இடியுடன் பெய்த மழையில் மின்சாரம் நின்றது. நிலையத்தில் இருந்த அத்தனை கருவிகளும் ஓடிக்கொண்டிருந்தன. என் கருவி மட்டும் அணைந்தது. எந்த நேரத்துக்காக அந்தப் பேட்டரிகள் காத்துக் கிடந்தனவோ, அந்த நேரத்தில்தான் நான் இழுத்த கம்பி கைவிட்டது. அண்ணே என்னைத் திட்டவில்லை. கம்பியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துக் காட்டினார். பிறகு, இதே கணக்கோடு முட்டி மோதிய பெரிய மனிதர் ஒருவர் உண்டு, போய்ப் படி என்று சொல்லி ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்தான் எடிசன்.

தந்திக் கம்பியில் தொடங்கிய வாழ்க்கை

தாமஸ் ஆல்வா எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தில் கடைக்குட்டி. 1854இல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரோன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர் பள்ளியில் படித்தது சில மாதங்கள்தாம். அதன் பிறகு தாயார் நான்சியே அவருக்கு ஆசிரியை ஆனார்.

1859இல், பன்னிரண்டு வயதில், போர்ட் ஹூரோனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய இரயிலில் நாளிதழும் மிட்டாயும் விற்கத் தொடங்கினார். அதே 1859இல்தான் பிரான்சு நாட்டில் கஸ்தோன் பிளாந்தே என்பவர் திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈய மின்கலனை உருவாக்கினார். நான் நின்றிருந்த பேட்டரி அறையின் மூதாதை அது. இரயிலில் மிட்டாய் விற்ற சிறுவனும் அந்தப் பேட்டரியும் ஒரே ஆண்டில் உலகத்துக்குள் காலடி வைத்ததை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வலையமைப்பு என்றால் என்ன என்பதை எடிசன் பதினைந்து வயதிலேயே புரிந்துகொண்டார். 1862ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஷைலோ என்னும் இடத்தில் பெரும் சண்டை நடந்தது. எடிசன் டெட்ராய்ட் நிலையத்தின் தந்தி ஊழியரிடம் பேசி, வழியில் உள்ள நிலையங்களுக்கெல்லாம் அந்தச் செய்தியின் தலைப்பை முன்கூட்டியே அனுப்பச் செய்தார். ஆயிரம் பிரதிகளைக் கடனாக வாங்கிக்கொண்டு இரயில் ஏறினார். ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் காத்திருந்தது. போகப் போக விலையை ஏற்றினார். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. செய்தியைவிட வேகமாகச் செய்தியின் நிழல் போகும் கம்பி ஒன்று இருக்கிறது என்பதை அன்று அவர் கண்டுகொண்டார்.

அதே ஆண்டில் மவுண்ட் கிளெமென்ஸ் நிலையத்தில், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையை, உருண்டு வந்த இரயில் பெட்டியிடமிருந்து காப்பாற்றினார். குழந்தையின் தந்தை ஜேம்ஸ் மெக்கென்சி அந்த நிலையத்தின் அதிகாரி. நன்றிக்கடனாக அவர் எடிசனுக்குத் தந்தித் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். எடிசனின் கல்வி இப்படித்தான் வந்தது. சான்றிதழ் இல்லை; கைவிரல்தான் சான்றிதழ்.

அன்றைய தந்தி நிலையம்தான் இன்றைய இணைய நிலையத்தின் பாட்டன். கண்ணாடிச் சாடிகளில் அமிலமும் உலோகத் தகடுகளும்; அவற்றிலிருந்து கிளம்பும் நேர்மின்னோட்டம்; அதை விட்டு விட்டு அனுப்பினால் புள்ளியும் கோடும். வலையமைப்புக் கருவி நேர்மின்னோட்டத்தில் இயங்குவது நேற்று வந்த வழக்கமன்று. அது வலையமைப்போடு கூடவே பிறந்த வழக்கம். எடிசன் 1863 முதல் ஊர் ஊராகச் சென்று இந்தப் பேட்டரிகளோடு வாழ்ந்தார். லூயிவில் நகரின் வெஸ்டர்ன் யூனியன் நிலையத்தில் இரவு வேலையில் இருந்தபோது, பரிசோதனைக்காக எடுத்த கந்தக அமிலம் கொட்டி, தரை வழியாகக் கீழே ஒழுகி, மேலதிகாரியின் அறையைப் பாழாக்கியது. மறுநாள் வேலை போயிற்று. பேட்டரி அறையில் நான் தலைகுனிந்து நின்ற நாளுக்குப் பிறகு இதைப் படித்தபோது, சிரிப்பும் வந்தது. சிறிது ஆறுதலும் வந்தது.

சிறு வயதிலிருந்தே அவருக்குக் காது மந்தம். ஆனால் தந்திக் கருவியின் தட்டல் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. சுற்றியிருந்த இரைச்சல் கேட்காதது தமக்கு நன்மையே என்று அவர் கருதினார். தந்தி அவருடைய இல்லற வாழ்விலும் கலந்திருந்தது. முதல் மனைவி மேரி வழிப் பிறந்த முதல் இரு பிள்ளைகளுக்கு டாட், டேஷ், அதாவது புள்ளி, கோடு என்று செல்லப் பெயர் வைத்தார். மேரி 1884இல் மறைந்தார். பின்னர் மீனா மில்லர் என்பவருக்குத் தந்திக் குறியீட்டைக் கற்றுக்கொடுத்து, அவர் கையிலேயே தட்டித் திருமணத்திற்குச் சம்மதம் கேட்டார். சம்மதமும் தட்டலிலேயே வந்தது.

1869இல் அவர் பெற்ற முதல் காப்புரிமை, சட்டமன்ற வாக்குகளைப் பதிவு செய்யும் மின்கருவிக்கானது. வாங்க ஆளில்லை. யாருக்கும் தேவைப்படாத பொருளை இனிச் செய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தார். 1874இல் ஒரே தந்திக் கம்பியில், ஒரு திசைக்கு இரண்டாக, ஒரே நேரத்தில் நான்கு செய்திகளை அனுப்பும் முறையைச் செய்து காட்டினார். 1876இல் நியூ ஜெர்சியின் மென்லோ பார்க்கில் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே கிராமஃபோனின் முன்னோடியான ஃபோனோகிராஃபையும், தொலைபேசிக்கான கார்பன் ஒலிவாங்கியையும் உருவாக்கினார். பெல்லின் தொலைபேசியில் பேசுபவரின் குரலே மின்சாரத்தை உண்டாக்க வேண்டும்; ஆகவே அது மெலிந்து ஒலித்தது. எடிசனின் கருவியிலோ ஒரு பேட்டரி நேர்மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குரல் அதைக் கூட்டிக் குறைத்தால் போதும். தொலைபேசிக்குப் பேட்டரி இன்றியமையாததானது இப்படித்தான். பின்னாளில் அந்தப் பேட்டரிகள் வீடுகளிலிருந்து நிலையத்திற்கு இடம் மாறி, 48 வோல்ட்டில் நிலைபெற்றன. 48 வோல்ட் எடிசன் வகுத்ததன்று. ஆனால் அந்த அறைக்குப் போகும் பாதையில் அவருடைய காலடித் தடம் இருக்கிறது.

செம்பின் கணக்கு

இனி, அண்ணே என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு மின்தடை. கம்பி எவ்வளவு தடிப்போ, தடை அவ்வளவு குறைவு. கம்பியில் வீணாகும் ஆற்றல், ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. ஆகவே ஆற்றலைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டுமானால், மின்னழுத்தத்தை ஏற்றி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் செம்பைக் கொட்டி அழ வேண்டும்.

எடிசனுக்கு இது தெரியாதா? மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவருடைய விளக்கின் பெருமையே இதில்தான் இருக்கிறது. மின்விளக்கை அவருக்கு முன்பும் பலர் செய்தார்கள். இங்கிலாந்தில் ஜோசப் சுவான் அவரோடு சமமாக ஓடிவந்தார். ஆனால், ஒரு நகரம் முழுவதற்கும் விளக்குப் போட்டால் செம்புக்கு எவ்வளவு செலவாகும் என்று எடிசன் முதலில் கணக்கிட்டார். கணித வல்லுநர் ஃபிரான்சிஸ் அப்டன் அவருக்குத் துணை நின்றார். கணக்கு ஒன்றைக் காட்டியது: விளக்கின் தடை அதிகமாக இருந்தால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் மெல்லிய கம்பி போதும். அதனால்தான் மெல்லிய இழையைத் தேடி அலைந்தார். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் வெற்றிடக் குமிழுக்குள் பல மணி நேரம் ஒளிர்ந்தது. பின்னர் ஜப்பானிய மூங்கில் இழை அதைவிடப் பல மடங்கு நீடித்தது. ஆயிரம் தோல்வி என்று நாம் மேடையில் முழங்கிய கதைக்குப் பின்னால் இருந்தது வெறும் பிடிவாதம் அல்ல; ஒரு கணக்கு.

1882 செப்டம்பர் 4ஆம் நாள், நியூயார்க்கின் பேர்ள் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நீராவி இயந்திரங்கள் 27 டன் எடை கொண்ட டைனமோக்களைச் சுழற்றின. 110 வோல்ட் நேர்மின்னோட்டம் தரைக்கடியில் புதைத்த செப்புக் கம்பிகளில் ஓடி, முதல் நாள் சுமார் 400 விளக்குகளை ஏற்றியது. மறு ஆண்டு மூன்று கம்பி முறையை அறிமுகப்படுத்திச் செம்பின் தேவையைப் பாதிக்கும் கீழே குறைத்தார். ஆனாலும், நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைலுக்கு மேல் போனால் விளக்கு மங்கியது. ஒரு மைலுக்கு ஒரு மின்நிலையம் என்றால் மன்ஹாட்டனுக்குச் சரி. பரந்து கிடக்கும் நாட்டுப்புறத்திற்கு அது எப்படிச் சரிவரும்?

போரும் பழியும்

விடை மாறுமின்னோட்டத்தில் இருந்தது. மின்மாற்றி என்னும் கருவியால் மாறுமின்னோட்டத்தின் அழுத்தத்தை எளிதாக ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றி அனுப்பினால் மெல்லிய கம்பியிலேயே பல மைல் போகும், வீட்டருகே இறக்கிக்கொள்ளலாம். 1886இல் வில்லியம் ஸ்டான்லி இதைச் செய்து காட்டினார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதை வணிகமாக்கினார். எடிசனின் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய நிக்கோலா தெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகளை 1888இல் அவர் பெற்றுக்கொண்டார். அன்றைய நேர்மின்னோட்டத்திற்கு இப்படி ஏறி இறங்கும் எளிய வழி இல்லை.

தம் விளக்கைக் கணக்கிலிருந்து உருவாக்கிய எடிசன், இங்கே கணக்கைக் காண மறுத்தார். உயர் அழுத்த மாறுமின்னோட்டம் உயிரைக் குடிக்கும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் உண்மை இருந்தது. நகரத்தில் தாறுமாறாகத் தொங்கிய மின்கம்பிகளில் பலர் மாண்டார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஹரோல்ட் பிரௌன் என்பவர் நாய்களையும் கன்றுகளையும் ஒரு குதிரையையும் மாறுமின்னோட்டத்தால் கொன்று காட்டிய சோதனைகளுக்கு எடிசனின் ஆய்வுக்கூடம் இடம் கொடுத்தது. மரண தண்டனைக்கு மாறுமின்னோட்டமே ஏற்றது என்று எடிசன் கருத்துரைத்தார். 1890 ஆகஸ்ட் 6ஆம் நாள், வில்லியம் கெம்லர் என்ற கைதி மின்நாற்காலியில் முதன்முதலாகக் கொல்லப்பட்டார். முதல் முறை பாய்ச்சிய மின்சாரத்தில் உயிர் போகவில்லை. மீண்டும் பாய்ச்சினார்கள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது. 1903இல் டாப்சி என்னும் யானையைக் கொன்ற பழியையும் சிலர் எடிசன்மேல் போடுகிறார்கள். அது சரியன்று. அவருடைய பெயரைத் தாங்கிய நிறுவனம் அதைப் படம் பிடித்ததே தவிர, அவர் அங்கே இல்லை. மின்சாரப் போரும் அதற்குப் பல்லாண்டு முன்பே முடிந்துவிட்டது. செய்யாத பழியைச் சுமத்த வேண்டாம். செய்த பழியே போதுமான பாரம்.

போரின் முடிவை எல்லாரும் அறிவோம். 1892இல் அவருடைய நிறுவனம் வேறொன்றோடு இணைக்கப்பட்டு ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது. பெயரிலிருந்து எடிசன் நீக்கப்பட்டார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை மாறுமின்னோட்டம் ஒளிரச் செய்தது. 1896இல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரத்தை எட்டியது. யானைக்கும் அடி சறுக்கும்.

இரும்பும் நிக்கலும்

பேச்சுப் போட்டியில் நாம் சொல்லாத எடிசன் இதன் பிறகுதான் வருகிறார். தம் பணத்தைப் போட்டு நியூ ஜெர்சி மலைகளில் இரும்புத்தாதுவைக் காந்தத்தால் பிரிக்கும் ஆலை கட்டினார். வேறிடத்தில் தரமான தாது மலிவாகக் கிடைக்கவே, ஆலை படுத்தது, செல்வம் கரைந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் மீண்டும் நேர்மின்னோட்டத்திடமே வந்தார். ஆனால் இம்முறை நாட்டையே ஒளிர வைக்கும் கனவோடு அன்று. ஒரு பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் எளிய நோக்கத்தோடு.

ஈய மின்கலன் கனமானது, அமிலம் நிறைந்தது. அதற்கு மாற்றாக இரும்பும் நிக்கலும் கொண்ட காரக் கரைசல் மின்கலனைச் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்தது. கசிந்தது, ஆற்றல் குறைந்தது. வாடிக்கையாளர் குறை சொன்னார்கள். எடிசன் என்ன செய்தார் தெரியுமா? மின்கலன் நல்லதுதான் என்று வாதாடவில்லை. எதிராளியைக் குறை கூறவில்லை. உற்பத்தியை நிறுத்திவிட்டு மறுபடியும் ஆய்வு மேசைக்குச் சென்றார். ஆயிரக்கணக்கான சோதனைகள். 1909இல் திருத்திய மின்கலன் வெளிவந்தது. மின்கார்களுக்காகச் செய்தது, அதற்குள் ஃபோர்டின் பெட்ரோல் கார் சாலையைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் இரயில்வே சமிக்ஞைகளுக்கும் சுரங்கத் தொழிலாளரின் தலைவிளக்குகளுக்கும் அது பல்லாண்டு உழைத்தது. ஒரு நொடியும் நிற்கக் கூடாத சிறு கருவிகளின் அருகில் அமர்ந்து காவல் காப்பதே நேர்மின்னோட்டத்திற்கு ஏற்ற வேலை. போரில் தோற்ற எடிசன் அந்த வேலையைத்தான் பத்தாண்டு பாடுபட்டுச் செம்மை செய்தார்.

மின்சாரப் போரின் எடிசனும் மின்கலனின் எடிசனும் ஒரே மனிதர்தாம். ஒருவர் குறையை மறைத்தார். மற்றவர் குறையை ஒப்புக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை, விளக்கை ஏற்றிய இரவைவிட உற்பத்தியை நிறுத்திய அந்த முடிவே பெரியது.

ஒரு நிமிட இருள்

1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தம் 84ஆம் வயதில் எடிசன் மறைந்தார். அமெரிக்காவில் அவர் பெற்ற காப்புரிமைகள் 1,093. அவருக்கு அஞ்சலியாக நாடு முழுவதும் மின்சாரத்தையே சற்று நேரம் நிறுத்தலாமா என்ற எண்ணம் எழுந்தது. அது முடியாது என்று விரைவில் தெரிந்தது. ஒரு நிமிடம் நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து நேரும் என்ற அளவுக்கு நாடு மின்சாரத்தை நம்பியிருந்தது. ஆகவே மக்கள் தாமாகவே ஒரு நிமிடம் விளக்கை அணைக்கும்படி அதிபர் ஹூவர் கேட்டுக்கொண்டார். நிறுத்தவே முடியாத ஒன்றை ஒருவர் விட்டுச் சென்றார் என்றால், அதைவிடப் பெரிய அஞ்சலி வேறென்ன?

நியூயார்க்கில் 1882இல் தொடங்கிய நேர்மின்னோட்ட விநியோகம் 2007 நவம்பர் 14 வரை நீடித்து, 125 ஆண்டுகள் கழித்து முற்றாக நிறுத்தப்பட்டது. அதோடு எடிசனின் மின்சாரம் மறைந்துவிட்டதா? இல்லை. நம் விரிவுரை மண்டபத்தின் கூரையில் உள்ள வைஃபை கருவியையும் கண்காணிப்புக் கேமராவையும் அண்ணாந்து பாருங்கள். பலவற்றுக்குத் தனி மின்கம்பி இருக்காது. இணையக் கம்பியிலேயே ஐம்பது வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னோட்டம் போகிறது. 2003இல் வந்த அதன் தரநிலைப்படி அனுப்பும் முனையில் 15.4 வாட்; 100 மீட்டருக்கு அப்பால் கருவிக்கு உறுதியளிக்கப்படுவது 12.95 வாட். நடுவில் காணாமல் போகும் இரண்டரை வாட்தான் எடிசனைத் துரத்திய செம்பின் கணக்கு. 2018இல் அனுப்பும் அளவு 90 வாட் வரை உயர்ந்தது; கணக்கு மட்டும் மாறவில்லை.

இன்னொரு புதுமையும் உண்டு. அன்று நேர்மின்னோட்டத்தின் அழுத்தத்தை ஏற்ற வழியில்லை. இன்று மின்னணுவியல் அதைச் செய்கிறது. கெடாவின் குருன் நகரிலிருந்து தாய்லாந்துக்குள் 110 கிலோமீட்டர் தூரம் செல்லும் 300,000 வோல்ட் மின்தொடர், நேர்மின்னோட்டத் தொடர்தான். ஒரு மைலைத் தாண்டாது என்று தோற்கடிக்கப்பட்ட மின்சாரம், நம் நாட்டின் எல்லையையே தாண்டிப் போகிறது. வெற்றி தோல்வி என்று நாம் எழுதி வைப்பதெல்லாம் அந்தந்தக் காலத்துக் கருவிகளைப் பொறுத்தவைதாம் போலும்.

மீண்டும் பேட்டரி அறை

இனி என் கதையை முடித்துவிடுகிறேன். போக வர 60 மீட்டர் கம்பி. தடை சுமார் 0.4 ஓம். ரெக்டிஃபையர் 54 வோல்ட் கொடுத்த வரையில் ஒன்பது வோல்ட் வழியிலேயே தொலைந்தாலும் மீதி 45 வோல்ட்டில் ரூட்டர் பிழைத்தது. மின்சாரம் நின்று பேட்டரி 48க்கு இறங்கியதும் கதை மாறியது. ரூட்டருக்கு வேண்டிய ஆற்றல் குறையாது. அழுத்தம் குறைந்தால் அது ஓட்டத்தைக் கூட்டிக் கேட்கும். ஓட்டம் கூடினால் கம்பியில் இழப்பு இன்னும் கூடும். கடைசியில் கருவியை எட்டியது 37 வோல்ட்டுதான். 40 வோல்ட்டுக்குக் கீழே அது இயங்காது. கம்பி ஓட்டத்தைத் தாங்கியது உண்மை, தூரத்தைத் தாங்கவில்லை.

மறுநாள் காலை அண்ணேயிடம் போய், அன்று நான் கணக்குப் போடவே இல்லை, நீங்கள் கேட்டது விளங்காமலேயே தலையாட்டினேன் என்று சொன்னேன். தலையாட்டும்போதே தனக்குத் தெரியும் என்றார் அவர். கம்பி இழுத்த அன்றே தானும் சரிபார்த்திருக்க வேண்டும் என்று தன் பங்குக் குற்றத்தையும் சொன்னார். இருவருமாகப் 16 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தோம். பேட்டரியில் ஓடும்போதும் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு. ரெக்டிஃபையரை அணைத்துப் பார்த்தோம். ரூட்டரின் பச்சை விளக்கு அசையவில்லை. அதன் எதிரில் நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை எடிசனைப் பற்றி மேடையேறினால், அவர் எத்தனை முறை தோற்றார் என்று எண்ணிச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். தாம் நேசித்த ஒன்றின் எல்லையை ஒப்புக்கொள்ள மறுத்தபோது அவர் எவ்வளவு சிறுத்துப்போனார் என்பதையும், குறையை ஒப்புக்கொண்டு மீண்டும் மேசையில் அமர்ந்தபோது எவ்வளவு உயர்ந்தார் என்பதையும் சொல்லுங்கள். நேரம் இருந்தால், விளங்காத கேள்விக்குத் தலையாட்டிய ஒரு பயிற்சி மாணவனைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.